ஏடு தந்த மரமும் ஏறுநர் தந்த சொல்லும்

(அம்பத்தூர் வட்டாரத் தமிழன்பர்கள் முன் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)

  

சென்னைக்கு மேற்கேயுள்ள இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களை ஒருமுறை கருத்தூன்றிப் பாருங்கள். மாங்காடு, மாமரத்தின் பெயர். திருவேற்காடு, வேலமரத்தின் பெயர். பருத்திப்பட்டு, பருத்தியின் பெயர். திருமுல்லைவாயில், முல்லைக்கொடியின் பெயர். அம்பத்தூருக்குள்ளேயே அத்திப்பட்டு உண்டு, கள்ளிக்குப்பமும் உண்டு. மண்ணில் முளைத்தவற்றின் பெயரையே தான் வாழும் ஊருக்கும் இட்டு மகிழ்ந்தவன் தமிழன்.

இத்தனை பெயர்களுக்கு நடுவே பனையின் பெயர் எங்கே? தொண்டை நாட்டிற் சற்றே தள்ளிப் போனால் திருப்பனங்காடு உண்டு; கடலோரத்தே பனையூர் உண்டு. ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே அப்பெயர் அரிது. பெயர் என்பது ஓர் ஊரை மற்றோர் ஊரினின்று பிரித்துக் காட்டுவது. எல்லா ஊரிலும் நின்ற மரம் எந்த ஊரைப் பிரித்துக் காட்டும்? ஏரிக்கரையெல்லாம் பனை, வயல்வரப்பெல்லாம் பனை, ஊர் எல்லையெல்லாம் பனை. எங்கும் இருந்தமையாலேயே அது தனிப்பெயர் பெறாது போயிற்று போலும்! ஆயின், எங்கும் இருப்பது என்றும் இருக்கும் என்று எண்ணியதே பெருந்தவறாய் முடிந்தது.

இன்றைய உரை பனையைப் பற்றியது. மரத்தைப் பற்றிய உரைக்குத் தமிழ் காக்கும் மன்றத்தில் என்ன வேலை என்று எவரேனும் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை, வினவுகின்றவர் கையிலேயே இருக்கிறது. அவர் திங்கள்தோறும் படிப்பது இதழ். காலையில் வாயிலில் வந்து விழுவது நாளேடு. உற்றார்க்கு அவர் எழுதுவது மடல். மணவிழாவிற்கு அவர் விடுப்பது அழைப்போலை. அவர்தம் மகள் காதில் அணிவது தோடு. இதழ், ஏடு, மடல், ஓலை, தோடு ஆகிய இவ்வைந்தும் எங்கே பிறந்த சொற்கள்?

தொல்காப்பியத்து மரபியலைத் திறந்தால் விடை கிடைக்கும். நிலைத்திணையைத் தொல்காப்பியர் இரண்டாகப் பகுக்கின்றார். புறத்தே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் பெயரிடுகின்றார். பின்னர்ப் புல்லினத்தின் உறுப்புப் பெயர்கள் இவையிவை என்று தொகுக்கின்றார். அத்தொகுப்பில் நிற்பவையே மேற்கண்ட ஐந்து சொற்களும். அவற்றோடு பாளை, ஈர்க்கு, குலை என்பனவும் சேர்ந்து நிற்கின்றன. பனையும் தென்னையும் கமுகும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. இலை, தளிர், கொம்பு முதலியவற்றை அவர் மரத்தினத்திற்குரியன என வேறு பிரித்துக் கூறுகின்றார்.

இக்கால நிலைத்திணையியலார் பனையை ஒருவித்திலைக் குடும்பங்களுள் வைக்கின்றனர். நெல்லும் மூங்கிலும் அறுகம்புல்லும் அப்பெரும்பிரிவினவே. மாவையும் வேம்பையும் அறுத்தால் வளர்ச்சி வளையங்கள் தெரியும். பனையை அறுத்தால் தெரியா. உருப்பெருக்கி இல்லாக் காலத்தே இப்பிரிவு தமிழர்க்கு எவ்வாறு தெரிந்தது? கோடரி பிடித்த கைக்குத் தெரிந்தது! பனையைப் பிளந்தவன் அறிவான், புறத்தே இரும்பு போன்ற வயிரம், அகத்தே நார்கலந்த சோறு என்று. அந்தச் சோற்றைக் குடைந்தெறிந்துவிட்டு, எஞ்சிய வயிரத்தை நீரோடும் காலாக வயலுக்கு வைத்தான். நீளவாட்டிற் பிளந்து வீட்டுக்குக் கைமரமாக ஏற்றினான். புலவன் நூற்பாவில் வைத்த அறிவு, தொழிலாளி கையில் விளைந்த அறிவு. தமிழ்ச்சொல் ஏட்டிலே பிறந்து ஊருக்கு வந்ததன்று. உழைப்பவர் வாயிலே பிறந்து ஏட்டுக்குப் போயிற்று.

பனையைப் பழந்தமிழர் வாழ்வின் எந்த மூலையிற் காணவில்லை? சேரனுக்கு அடையாளப் பூ பனம்பூ; போந்தை என்பது அதன் பெயர். காதல் கைகூடாத தலைவன் பனைமடலாற் குதிரை செய்து, அதன்மேல் ஏறித் தெருவில் வருவான். மடலேறுதல் என்று அதற்குப் பெயர். திருவள்ளுவர் மிகச் சிறியதற்குத் தினையையும் மிகப் பெரியதற்குப் பனையையும் அளவையாக நிறுத்தினார். கும்பகோணத்து அருணாசலம் என்னும் புலவர் பாடிய தாலவிலாசம், பனையின் பயன்கள் 801 எனக் கணக்கிடுகிறது. அந்நூலை 1850-இல் பனை பற்றித் தனிநூல் வெளியிட்ட பெர்குசன் என்னும் வெள்ளையரும் எடுத்துக்காட்டினார். வெள்ளையன் வியந்து எழுதியதை வீட்டுக்காரன் மறந்தான்!

இனி, அம்மரத்தோடு வாழ்ந்தவர் அறிந்திருந்த அறிவைச் சற்றே காண்போர், அது எத்துணை நுட்பமானது என்பதை உணர்வர்.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. முளைத்துப் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் கழிந்து பாளை தள்ளும்போதுதான் எது ஆண், எது பெண் என்பது தெரியும். பெண்பனையே காய்க்கும், ஆண்பனை பாளையோடு நிற்கும். ஆயினும் இரண்டுமே இனிப்பு நீர் தரும். அதைப் பெறும் முறையும் இரண்டிற்கும் வேறு. பாளையைக் கடிப்பு என்னும் மரக்கருவியால் இதமாக நெரித்து, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லியதாகச் சீவிவிட்டுக் கலயம் கட்ட வேண்டும். காலையிலும் மாலையிலும் ஏறி நுனியைப் புதிதாகச் சீவ வேண்டும். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீரும். ஏறாமல் விட்டால் ஊறல் நின்றுவிடும். இடையிலே அரிவாட்பெட்டி, காலிலே தளை, மேலே காற்று, கீழே மண். ஒருவன் ஒரு நாளில் எத்தனை மரம் ஏறினானோ அத்தனை மரத்தையும் மாலையில் மறுபடி ஏறினான்!

வடியும் நீரில், நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 பங்கு இனிப்பு. காற்றில் மிதக்கும் நொதியுயிர்கள் அதில் விழுந்தால் சில மணி நேரத்திற்குள் அது புளித்துக் கள்ளாகும். புளிக்காமல் வேண்டுமாயின் கலயத்தின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவ வேண்டும். சுண்ணாம்பின் காரத்தில் நொதியுயிர் பெருகாது. அப்போது இறங்குவது பதநீர். கள்ளுக்கும் பதநீருக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒரு விரல் சுண்ணாம்பு! ஐரோப்பாவில் இலூயி பாசுச்சர் நொதித்தலின் உயிரியக்கத்தை ஆய்ந்து நிறுவியது 1850-களின் பிற்பகுதியில். கரணியத்தை அவர் கண்டு சொன்னார். அதைத் தடுக்கும் வழியைப் பனையேறியின் விரல் அறிந்திருந்தது.

பதநீரைக் காய்ச்சுவது பெண்டிர் தொழில். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவர். பாகு எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்பதை அளவிடக் கருவி இல்லை. கண்ணும் கையுமே கருவி. ஒரு பதத்தில் இறக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்புக்கட்டி. மற்றொரு பதத்தில் இறக்கி, நூல் தொங்கவிட்ட கலத்தில் ஊற்றி, ஏறத்தாழ 40 நாள் அசைக்காது வைத்தால், நூலைப் பற்றி விளைவது பனங்கற்கண்டு. பதநீர் என்னும் சொல்லிலேயே பதம் இருக்கிறது. 'நீரா' என்னும் அயற்சொல்லை அலுவலகத்தார் எடுத்து வந்தபோது, அவர்கள் விட்டுவிட்டது ஒரு சொல்லை மட்டுமா? அச்சொல்லுக்குள் அடங்கியிருந்த ஒரு தொழில் நுட்பத்தையும் சேர்த்தன்றோ!

ஆண்டு முழுவதையும் பனை பங்கிட்டுக் கொண்டது. மாசி தொடங்கிப் பதநீர். வேனிலில் நுங்கு. ஆடி ஆவணியிற் பழம். புரட்டாசியில் கொட்டை மண்ணுக்குள். பொங்கலுக்குக் கிழங்கு. மரம் ஏறவியலா மாதங்களில் ஓலை முடைதல்: பாய், பெட்டி, கடகம், சுளகு, விசிறி, கொட்டான். ஓலைக்கும் ஒரே பெயரன்று. விரியாதது குருத்தோலை, முற்றிப் பசுமையாய் நிற்பது சாரோலை, காய்ந்து தொங்குவது காவோலை. இளம்பனை வடலி. இளங்காய் குரும்பை. மடலின் இருமருங்கும் வாளரம் போலிருப்பது கருக்கு. மடல் அடியைச் சுற்றி வலைபோற் படர்ந்திருப்பது பன்னாடை.

பன்னாடை! இச்சொல்லைக் கேட்டதும் சிலர் முகத்திற் புன்னகை தோன்றுகிறது. இன்று அது வெறும் வசைச்சொல். அது வசையானது ஏன்? பன்னாடையால் கள்ளையும் நெய்யையும் வடிகட்டுவர். நல்லதைக் கீழே விட்டுக் கசண்டைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது அதன் இயல்பு. நல்லதை விட்டு அல்லதைப் பற்றும் கடைமாணாக்கனுக்கு நன்னூல் காட்டும் நெய்யரி என்பதும் இதுவே என்பர் உரைகாரர். எத்துணை அழகிய உவமை! பன்னாடையைக் கண்ணாற் கண்டவன் அதைச் சொன்னபோது அது உவமையாக இருந்தது. காணாதவன் சொல்லும்போது அது வெற்று வசையாகிவிட்டது. பொருள் கண்ணிலிருந்து மறைந்தால், சொல் வாயில் இருந்தும் இறந்ததே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஏடு என்னும் சொல்லின் கதையும் இதுவே. ஏற்ற பருவத்து ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, பதப்படுத்தி உலர்த்தி, வழவழப்பாக்கி, துளையிட்டுக் கயிறு கோத்தால் அது சுவடி. எழுத்தாணியாற் கீறிக் கரி தடவித் துடைத்தால் எழுத்துக் கருத்து நிற்கும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்று பல இடங்களிற் புள்ளியை விட்டே எழுதினர். பழஞ்சுவடியைப் படிப்பவர் இன்றும் படும் இடர்களுள் இதுவும் ஒன்று. ஏடு சில நூற்றாண்டுகளே நிற்கும். செல்லுக்கும் ஈரத்திற்கும் இரையாகுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுத வேண்டும். தொல்காப்பியமும் கழக இலக்கியமும் கைக்குக் கிட்டின என்றால், தலைமுறை தலைமுறையாக ஒருவன் எழுதினான். அவன் எழுத மற்றொருவன் பனை ஏறி ஓலை வெட்டினான். எழுதியவன் பெயர் சில சுவடிகளின் கடைசி ஏட்டில் உண்டு. ஓலை வெட்டியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

சி.வை. தாமோதரனார் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ.வே. சாமிநாதர் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். 1892-இற் சிலப்பதிகாரத்தையும், 1894-இற் புறநானூற்றையும் வெளியிட்டார். அவர்கள் ஊர் ஊராகத் தேடியலைந்தது பனையோலையை! தமிழர் ஆட்சியும் அவ்வோலையின்மேல் நடந்தது. இவ்வட்டாரத்திற்குத் தெற்கே, அதே தொண்டை மண்ணில் உள்ள உத்தரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கும் குடவோலை முறையை அவை கூறுகின்றன. நிலமும் சொத்தும் இல்லாதார்க்கு அதில் இடமில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும், எழுத்தாலே ஆள் தேர்ந்த அவ்வூர்க்கு எழுதுபொருள் தந்தது பனை.

அவ்வேட்டுச் செல்வத்திற்கு நேர்ந்த பேரழிவையும் இங்கு நினைவுகூராமல் இருக்கவியலாது. 1981-ஆம் ஆண்டு மே இறுதி நாளிரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அரிய ஓலைச்சுவடிகளும் அவற்றொடு வெந்தன. ஓர் இனத்தை அழிக்க எண்ணியோர் முதலில் அதன் ஏட்டிற் கைவைப்பர் என்பதை உலகம் அன்று கண்டது.

அன்று மட்டுமா கண்டது? இத்தகைய தீயை உலகம் அதற்கு 419 ஆண்டுகட்கு முன்பும் கண்டது. நடு அமெரிக்காவில், இன்றைய மெக்சிக்கோ நாட்டின் யூக்கத்தான் பகுதியில் வாழும் தொன்மையான இனத்தார் மாயர். எழுத்துக் கண்டவர்கள், எண் கண்டவர்கள், விண்ணை அளந்தவர்கள். அவர்கள் மரப்பட்டைத் தாளில் நூல் எழுதி மடித்து வைத்தனர். 1562-இல் மானி என்னும் ஊரில், இசுபானியத் துறவியாகிய தியேகோ தெ இலாந்தா அந்நூல்களைக் குவித்துத் தீயிட்டார். இன்று உலகில் எஞ்சிய மாயர் ஏடுகள் நான்கே! எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் தொடர்ச்சியும் அறுந்தது. 1952-இற் சோவியத்து அறிஞர் யூரி நோரோசோவ் வழிகாட்டிய பின்னரே அவ்வெழுத்துகள் மெல்ல மெல்ல மீண்டும் ஒலிக்கத் தொடங்கின.

ஏடு எரிந்தபின் மாயர் அறிவு முழுவதும் அழிந்ததா? இல்லை. மாயரும் பனையினத்தோடு வாழ்பவரே. விசிறி போன்ற ஓலையுடைய ஒருவகைப் பனையைச் 'சாஆன்' என்று தம் மொழியில் வழங்கி, அதன் ஓலையால் வீடு வேய்கின்றனர். காட்டைத் திருத்திச் சோளம் விதைக்கும்போதும் அம்மரத்தை வெட்டாது விடுவர். ஓலை அறுக்குங்கால் நடுக்குருத்தை அறுப்பதில்லை. குருத்து அழிந்தால் மரம் அழியும் என்பது அவர்க்குத் தெரியும். முழுநிலாக் காலத்தில் அறுத்த ஓலையைப் பூச்சி அரியாது என்பது அவர்தம் நம்பிக்கை. இவ்வறிவு எந்த ஏட்டிலும் இல்லாமையால், எந்தத் தீயும் அதைத் தீண்டவில்லை. கூரை வேய்பவன் வாயிலும் கையிலும் அது இருந்தது. அவர்கள் மொழியும் இன்றுவரை இலக்கக்கணக்கான மக்கள் நாவில் வாழ்கிறது.

இதிலிருந்து தமிழர் கற்க வேண்டியது ஒன்று. ஒரு மொழியின் அறிவுக்குக் களஞ்சியங்கள் இரண்டு. ஒன்று ஏடு, மற்றொன்று தொழில் செய்வோர் நா. மாயர்க்கு முதற் களஞ்சியம் எரிந்தது, இரண்டாவது காத்தது. தமிழர்க்கோ முதற் களஞ்சியத்தைப் பெருமளவு மீட்டுக் கொடுத்த பெருமக்கள் வாய்த்தனர். இரண்டாவது களஞ்சியமோ, எவரும் தீ வைக்காமலேயே அழிந்து வருகிறது!

அவ்வழிவைக் காண யாழ்ப்பாணமும் யூக்கத்தானும் போக வேண்டியதில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் கண்ணைத் திறந்து பார்த்தாற் போதும். 1960-களில் ஆவடியில் போர்த்தகரி செய்யும் தொழிற்சாலை எழுந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறிட்டன. அதை மறுப்பார் நன்றி மறந்தவராவர். தொழில் வந்தது, ஆட்கள் வந்தனர், வயல் மனையாயிற்று. வயல் மனையானபோது வரப்பு போயிற்று. வரப்பு போனபோது வரப்பில் நின்ற பனையும் போயிற்று. வெட்டிய பனை செங்கற் சூளைக்கு விறகாயிற்று. அச்செங்கல்லே அம்மரம் நின்ற இடத்தில் வீடாயிற்று! 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடி தானே மாநகராட்சியாயிற்று. ஊர் வளர்ந்தது. வளர்ந்த ஊரில் பிறந்த குழந்தை வேனிற்காலத்துச் சாலையோரத்தில் நுங்கைக் காண்கிறது. அது எந்த மரத்தில், எவ்வாறு காய்த்தது என்பதைக் காணவில்லை.

மரத்தை மனை விழுங்கியது என்றால், மரம் ஏறியவனை விழுங்கியது எது? முதலிற் சாதி. பனையேறி என்பது தொழிற்பெயர். உழவன், தச்சன், கொல்லன் என்பன போல் பெருமைக்குரிய பெயர். அதை இழிசொல்லாக்கியது இக்குமுகாயம். அப்பன் ஏறினான் என்று சொல்ல மகன் கூசும்படி செய்தது. ஓலையில் எழுதியதைத் தலையில் வைத்துப் போற்றிய தமிழகம், ஓலை வெட்டியவனைத் தெருக்கோடியில் நிறுத்தியது! பின்னர் வந்தது சட்டம். 1987-இல் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை வந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தோடு இறங்கியவனும் ஐயக்கண்ணுக்கு ஆளானான். அதே தமிழகத்தில் 2003 முதல் அரசே கடை திறந்து சீமைச் சாராயம் விற்றது. கள் வேண்டுமா வேண்டாவா என்பது வேறு வழக்கு. அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. பதநீர் இறக்கி, கருப்புக்கட்டி காய்ச்சி வாழ வந்தவனையும் அத்தடை நிழல் தொடர்ந்தது என்பதே இங்குக் கருதத் தக்கது.

காலம் மாறிவிட்டது, வெள்ளைச் சர்க்கரையும் தாளும் நெகிழியும் வந்தபின் பனை எதற்கு என்பாரும் உளர். அவர்க்கு விடை இது. மீண்டும் ஓலையில் எழுதுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. கரும்பு வயல் ஓராண்டு முழுதும் நீர் கேட்கும். வேரூன்றிய பனை எவரிடமும் நீர் கேட்பதில்லை. பனையின் வேர் சல்லி வேர். கற்றை கற்றையாக இறங்கி மண்ணைப் பிடித்து நிற்கும். ஏரிக்கரையிற் பனை வைத்த முன்னோர் அதை அறிந்தே வைத்தனர். 2015-ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில், பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் பெயர் சென்னை முழுதும் அச்சத்தோடு ஒலித்தது. ஏரியும் கரையும் பேணப்பட வேண்டியவை என்பதை அன்றுதான் நகரத்தார் பலர் நினைத்தனர். பனை ஒன்றே வெள்ளத்தைத் தடுத்துவிடும் என்பது பேதைமை. ஆயின், கரை காக்கும் மரத்தை வெட்டிவிட்டுக் கரையைக் காப்போம் என்பது அதனினும் பேதைமை!

அரசும் இப்போது விழித்திருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. 2021-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் முன்வைக்கப்பட்ட வேளாண்மைக்கான முதல் தனி வரவுசெலவுத் திட்டத்தில், பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 30 மாவட்டங்களில் 76 இலக்கம் பனைவிதைகள் வழங்குவதென்றும், மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாதென்றும் அதிற் கூறப்பட்டது. நன்று. அரசு விதை தரும். சட்டம் வெட்டுபவன் கையைப் பிடிக்கும். விதைத்ததைப் பதினைந்து ஆண்டு காப்பதும், ஏறத் தெரிந்தவனை மதிப்பதும், அவன் சொல்லைக் காப்பதும் அரசு செய்யக்கூடியவை அல்ல. அவை மக்கள் செய்ய வேண்டியவை.

அதற்குச் செய்யத் தக்கன மூன்று.

முதலாவது, விதைத்தல். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என இவ்வட்டாரத்தில் ஏரிக்கு இன்னும் பஞ்சமில்லை. உரிய துறையின் இசைவு பெற்று, புரட்டாசி ஐப்பசியில், பருவமழைக்கு முன்னே கரையோரம் பனங்கொட்டையைப் புதைக்கலாம். ஒன்றை நினைவிற் கொள்க. பனையின் முளை முதலில் மேலே வருவதில்லை. மண்ணுக்குள் ஆழ இறங்கிக் கிழங்கு கட்டிய பின்னரே ஓலை விடும். ஆதலால் நாற்றைப் பிடுங்கி நடுவது அதற்கு ஒவ்வாது; நிற்க வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றாக, மண்மூடி விதைத்து, முதற் சில ஆண்டுகள் ஆடுமாடும் தீயும் அணுகாமற் காத்தாற் போதும். விளம்பரத்திற்காக வீசியெறிந்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது விதைப்பாகாது.

இரண்டாவது, சொல் தொகுத்தல். பனை ஏறியவர்களும், பதநீர் காய்ச்சிய தாய்மாரும், ஓலை முடைந்த பாட்டிமாரும் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். தென்மாவட்டங்களிலிருந்து வந்து இங்குக் குடியேறியோருள்ளும் இருப்பர். இளைஞர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர்கள் முன் அமர வேண்டும். கருவியின் பெயர் என்ன? அதன் உறுப்பின் பெயர் என்ன? பாகின் ஒவ்வொரு பதத்திற்கும் பெயர் என்ன? தொண்டை நாட்டில் என்ன சொல், பாண்டி நாட்டில் என்ன சொல், ஈழத்தில் என்ன சொல்? ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு என்று யாழ்ப்பாணத்தார் இன்னும் காத்து வைத்திருக்கும் சொற்களைத் தமிழகத்தார் எத்தனை பேர் அறிவர்? அயற்சொல்லை நீக்கும் பணி உயர்ந்த பணி. ஆயின், அயற்சொல்லை நீக்கிய இடத்தில் வைப்பதற்குச் சொல் எங்கிருந்து வரும்? அகரமுதலியிலிருந்து மட்டும் வாராது. தொழிலாளி நாவிலிருந்து வரும். அந்நா ஓய்ந்துவிட்டால், தூய தமிழ் என்பது பூச்சூடிய படமாகிவிடும்.

மூன்றாவது, மதித்தல். விலை குறைத்துப் பேசாமற் கருப்புக்கட்டி வாங்குதல், அதில் வெள்ளைச் சர்க்கரை கலந்து விற்போரை இனங்கண்டு ஒதுக்குதல், மணவிழாவிலும் மன்றவிழாவிலும் நெகிழித் தட்டிற்கு மாறாக ஓலைக்கொட்டானை வைத்தல் ஆகியவை சிறு செயல்களே. அவற்றால் ஒருவன் இத்தொழிலில் நிலைத்து நிற்க முடியும். அவற்றினும் பெரிது ஒன்றுண்டு. பனையேறி என்னும் பெயரை இழிவாகச் சொல்லும் வாயை, அச்சொல்லைச் சொன்ன இடத்திலேயே மறித்துத் திருத்துவது. தமிழ்ச்சொல் ஒன்றை இழிவுபடுத்துவோன் தமிழையே இழிவுபடுத்துவோன் என்பதைத் தமிழன்பர் உணர வேண்டும்.

பெருமக்களே! பனைக்குக் கிளையில்லை, உச்சியில் ஒரே குருத்து. அக்குருத்து அற்றால் மரம் அற்றது. தமிழரின் தொழிலறிவுக்கும் இன்று எஞ்சி நிற்பது ஒரு குருத்தே. முதியோர் சிலர் நாவிலும் கையிலும் அது நிற்கிறது. இவ்வாண்டு விதைக்கும் பனை பாளை தள்ளப் பதினைந்து ஆண்டாகலாம்; அதுவரை அது காத்திருக்கும். அதில் ஏறத் தெரிந்த முதியவர் காத்திருப்பாரா? ஆகவே, மழைக்கு முன்னே விதையுங்கள். அதற்கும் முன்னே அவரிடம் போய்க் கேளுங்கள்.